நஹ்ரவான் முதல் களியக்காவிளை வரை

2020ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் இரவு, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் துப்பாக்கியால் சுட்டும் கத்தியால் குத்தியும் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 57. ஆறு நாட்கள் கழித்துக் கர்நாடக மாநிலம் உடுப்பியில் இரு இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். இருவரும் நம் குமரி மாவட்டத்தவர். முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தவர்கள். வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குச் சென்றது. குற்றம் இன்னாருடையது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆயினும் அச்செய்தி நம் மஹல்லாக்களில் எழுப்பிய கேள்வி நீதிமன்றத்தால் தீரக்கூடியதன்று.

தக்கலையில் பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் ரஜப் பிறை 14இல் இரவு முழுவதும் பாடப்படும் மண் இது. 'நம் மண்ணில் இது முளைக்காது' என்றே நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் நம் பெரும்பான்மையைப் பற்றிய உண்மை. ஆனால் வன்முறையாளன் பெரும்பான்மையிலிருந்து வருபவன் அல்லன். ஆயிரத்தில், பதினாயிரத்தில் ஒருவனாக வருபவன். அவனை முன்கூட்டியே அறிய இயலுமா? இயலுமெனில் எவ்வாறு?

அந்நாட்களில் ஒரு மாலை, வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய தந்தை ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "உஸ்தாதே, மவன் தாடி வச்சிருக்கான். பஜ்ருக்கு முந்தியே எழும்புறான். வீட்டுல யாருகிட்டயும் பேச்சில்ல. நான் சந்தோசப்படணுமா, பயப்படணுமா?" என்றார். முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வரும் நமக்கு அக்கணத்தில் விடை தோன்றவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடி நாம் நமது வரலாற்று நூல்களைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

ஹரூராவில் பிரிந்தவர்கள்

முஸ்லிம் சமுதாயம் இக்கேள்வியை எதிர்கொள்வது இது முதன்முறையன்று. ஹிஜ்ரி 37இல் (கி.பி. 657) ஸிஃப்பீன் போர், நடுவர் தீர்ப்புக்கு இரு தரப்பும் இசைந்ததோடு நின்றது. அதனை ஏற்காத ஒரு கூட்டத்தார் அலீ (ரலி) அவர்களின் படையிலிருந்து பிரிந்து கூஃபாவுக்கு அருகிலுள்ள ஹரூராவில் தங்கினர். தீர்ப்பளிக்கும் உரிமை இறைவனுக்கு மட்டுமே என்பது அவர்களது முழக்கம். முழக்கம் உண்மை, அதைக் கொண்டு அவர்கள் நாடியதோ பிழையானது என்பதே அலீ (ரலி) அவர்களின் மதிப்பீடு.

அம்மக்கள் எத்தகையோர்? அவர்களிடம் வாதிடச் சென்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கண்டது, ஸஜ்தாவினால் தழும்பேறிய நெற்றிகளையும் இரவு வணக்கத்தால் வெளிறிய முகங்களையுமே. அவர்களுடைய ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் குர்ஆனிலிருந்தே அவர் விடை கூறினார். கணவன் மனைவி பிணக்கிலும், இஹ்ராமில் வேட்டையாடியதற்கான பரிகாரத்திலும் மனிதர்களை நடுவராக்க இறைவனே அனுமதித்திருப்பதை எடுத்துக் காட்டினார். ஆயிரக்கணக்கானோர் அன்றே திரும்பினர். எஞ்சியோர் திரும்பவில்லை.

திரும்பாதவர்களை அலீ (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நமக்கு முக்கியம். மூன்று உரிமைகளை அவர்களுக்கு அறிவித்தார்கள்: பள்ளிவாசல்களுக்கு வருவதை நாம் தடுக்கமாட்டோம், நம்மோடு சேர்ந்து நிற்கும்வரை பொதுநிதியில் அவர்களது பங்கை நிறுத்தமாட்டோம், அவர்கள் தொடங்காதவரை நாம் போரைத் தொடங்கமாட்டோம். ஆட்சித்தலைவரை இறைமறுப்பாளர் என்று பள்ளிவாசலுக்குள்ளேயே கூவிய கூட்டத்திற்கு வழங்கப்பட்ட உரிமைகள் இவை.

நிலைமை மாறியது எப்போது? நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வையும், கருவுற்றிருந்த அவருடைய துணைவியையும் அவர்கள் வழியில் மறித்துக் கொன்றபோது. மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம்பழத்தை உரிமையாளரிடம் கேட்காமல் உண்ணலாகாது எனப் பேணுதல் காட்டிய அதே வேளையில் அவர்கள் இதைச் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். அப்போதும் அலீ (ரலி) அவர்கள் முதலில் கேட்டது கொலையாளிகளை மட்டுமே. 'நாங்கள் அனைவருமே கொலையாளிகள்' என்று அவர்கள் விடையளித்த பின்னரே ஹிஜ்ரி 38இல் (கி.பி. 658) நஹ்ரவான் போர் நிகழ்ந்தது.

சொல்லுக்குச் சொல், செயலுக்குத் தண்டனை என்ற இவ்வெல்லைக்கோட்டைப் பின்னர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களும் பேணினார்கள். ஹிஜ்ரி 100இல் ஒரு காரிஜியக் கூட்டம் கிளம்பியபோது, அவர்கள் இரத்தம் சிந்தாதவரை, நாட்டில் குழப்பம் விளைவிக்காதவரை அவர்களைச் சீண்ட வேண்டாம் என்று கூஃபாவின் ஆளுநருக்கு எழுதினார்கள். அவர்களின் தூதர்களை வரவழைத்து உரையாடினார்கள்.

கூஃபாவின் வைகறை

எனினும் வரலாறு இங்கே முடிந்துவிடவில்லை. ஹிஜ்ரி 40 ரமளானில் (கி.பி. 661 ஜனவரி) கூஃபாவின் பள்ளிவாசலில் வைகறை நேரத்தில் இப்னு முல்ஜம் என்பவனின் வாள் அலீ (ரலி) அவர்களை வீழ்த்தியது. இக்கொலை உருவான விதத்தைத் தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாகத் தருகின்றனர். அதனைத் துயரச் செய்தியாக மட்டும் வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஒரு புலனாய்வு அறிக்கையைப் போல மீண்டும் வாசிப்பது பயனுள்ளது.

முதலில் ஒரு மனக்காயம். நஹ்ரவானில் மாண்ட தோழர்களை நினைத்து மூவர் மக்காவில் கூடி அழுதனர். அடுத்து, அக்காயம் சபதமாயிற்று: அலீ, முஆவியா, அம்ர் (ரலி) ஆகிய மூவரையும் ஆளுக்கு ஒருவராகக் கொல்வது. இலக்குகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன, நாளும் குறிக்கப்பட்டது. பிறகு ஆயுதம்: ஆயிரம் வெள்ளிக்கு வாங்கிய வாளுக்கு இன்னோர் ஆயிரம் செலவிட்டு நஞ்சூட்டியதாகச் செய்தி. பிறகு கூட்டாளிகள்: கூஃபாவில் நஹ்ரவான் போரில் தந்தையையும் சகோதரனையும் இழந்த கத்தாம் என்னும் பெண்ணிடமும், ஷபீப் என்பவனிடமும் இப்னு முல்ஜம் தன் எண்ணத்தைச் சொன்னான். கத்தாம் தன் குலத்தைச் சேர்ந்த வர்தான் என்பவனை உதவிக்கு ஏற்பாடு செய்தாள். ஷபீப் முதலில் அதிர்ந்து மறுத்தான், பிறகு இசைந்தான்.

ஆக, கொலைக்கு முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. ஷபீப் அதிர்ந்த அந்த நேரத்தில் எழுந்து சென்று ஒருவரிடம் சொல்லியிருந்தால்? இக்கால ஆய்வாளர்கள் தனியாளாகத் தாக்கியவர்களின் வழக்குகளை ஆராய்ந்து கண்ட முடிவும் இதுவே: அவர்களில் பெரும்பாலோர் தாக்குதலுக்கு முன் நண்பரிடமோ உறவினரிடமோ தம் எண்ணத்தை ஏதோ ஒரு வகையில் வெளிப்படுத்தியிருந்தனர்.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மனக்காயம், சபதம், குறித்த இலக்கு, ஆயுதம், நாள், கூட்டாளி என்ற இவ்வரிசையில் தாடி இல்லை, தொழுகை இல்லை, நெற்றித் தழும்பும் இல்லை. 'தொழுகிறான், எனவே தீங்கற்றவன்' என்பதும் பிழை. 'தொழத் தொடங்கிவிட்டான், எனவே ஆபத்தானவன்' என்பதும் பிழை. நஹ்ரவானில் இரு தரப்பிலும் தொழுகையாளிகளே நின்றனர்.

குற்றவாளி பிடிபட்ட பின்பும் அலீ (ரலி) அவர்கள் எல்லையைக் கடக்கவில்லை. அவனுக்கு உணவளிக்கச் சொன்னார்கள். தாம் இறந்தால் ஓர் உயிருக்கு ஓர் உயிர் மட்டுமே, அங்கங்களைச் சிதைக்கக் கூடாது என்றார்கள்.

அறிவிப்பாளர் கலை தரும் அளவுகோல்

மனிதர்களை எடைபோடுவதற்கென்றே ஒரு கலையை வளர்த்த சமுதாயம் நம்முடையது. ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராயும் 'ஜர்ஹ் வ தஃதீல்' என்னும் அக்கலையில் அரபுக் கல்லூரி மாணவர் அனைவரும் அறிந்த ஒரு விதி உண்டு. ஒருவர்மீது கூறப்படும் குறை காரணத்துடன் விளக்கப்பட வேண்டும். 'அவர் சரியில்லை' என்னும் வெற்றுச் சொல் போதாது என்று அறிஞர் பலரும் கொண்டனர். ஏன் போதாது என்பதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் சுவையானது. பேரறிஞர் ஷுஃபாவிடம், 'இன்னாரின் அறிவிப்பை ஏன் விட்டீர்?' என்று கேட்கப்பட்டது. 'அவர் மட்டக்குதிரையை விரட்டி ஓட்டக் கண்டேன்' என்றாராம். காரணத்தைக் கேட்ட பிறகுதான் அது ஒரு காரணமே அன்று என்பது தெரிந்தது.

மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. இம்ரான் இப்னு ஹித்தான் என்பவர் காரிஜியர். இப்னு முல்ஜமைப் புகழ்ந்து கவிதை பாடியவர். அவர் வழியாக வந்த அறிவிப்பையும் இமாம் புகாரீ (ரஹ்) தமது ஸஹீஹில் இடம்பெறச் செய்துள்ளார். அவருடைய கொள்கையை இமாம் ஏற்றார் என்பது இதன் பொருளன்று. கொள்கை ஒரு தராசு, வாய்மை வேறொரு தராசு. ஒன்றில் நிறுக்க வேண்டியதை மற்றொன்றில் நிறுக்கலாகாது என்பதே பொருள். தீய கருத்துடையவரை மறுத்துப் பேசலாம், பேச வேண்டும். ஆனால் கருத்தை மட்டும் வைத்து 'இவர் கொலை செய்வார்' என்று முடிவு கட்டுவது தராசை மாற்றிப் பிடிப்பதாகும். ஹிஜ்ரி 218இல் கலீஃபா மஃமூன் மக்களின் நம்பிக்கையைச் சோதிக்கத் தொடங்கியபோது சிறைக்கும் கசையடிக்கும் ஆளானவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) என்பதை மறக்கலாகாது.

ஒரு சிறு கணக்கு

காவல்துறையும் அரசும் ஏன் அடிக்கடி தவறான ஆளைப் பிடிக்கின்றன? பகைமையும் ஒரு காரணமாகலாம். பகைமை சிறிதும் இல்லாதபோதும் தவறு நேரும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு லட்சம் இளைஞர்களில் பத்துப் பேர் உண்மையிலேயே ஆபத்தானவர்கள் என வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று நம்மிடம் உண்டென்றும் கொள்வோம். அப்பத்துப் பேரையும் அது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் எஞ்சிய 99,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறத்தாழ ஆயிரம் நிரபராதிகளையும் அது சுட்டிக்காட்டும். சுட்டப்பட்ட நூறு பேரில் ஒருவரே உண்மையில் ஆபத்தானவராக இருப்பார். இத்தகைய துல்லியமான சோதனை உலகில் எங்குமே இல்லை என்பதையும் சேர்த்து எண்ணினால் தாடியையும் தொப்பியையும் அடையாளமாகக் கொள்வது எத்துணைப் பேதைமை என்பது விளங்கும்.

கோயம்புத்தூர் நமக்கு இதை இரத்தத்தால் எழுதிக் காட்டியது. 1997 நவம்பர் 29இல் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்து 58 பேர் உயிரிழந்தனர். முதல் கொலை அநியாயம். அதற்குப் பதிலாக நிகழ்ந்தவை அநியாயம். அதற்கும் பதிலாக அப்பாவிகளைக் கொன்ற குண்டுகள் பேரநியாயம். நீதி கிடைக்காத காயம் எவ்வாறு சபதமாகிறது என்பதை இவ்வரிசை காட்டுகிறது. அவ்வழக்கில் 1998இல் கைதான கேரளத் தலைவர் அப்துந்நாசர் மஅதனி, ஒன்பது ஆண்டுகள் சிறையிலிருந்த பின் 2007 ஆகஸ்டு 1 அன்று குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அந்த ஒன்பது ஆண்டுகளை யார் திருப்பித் தருவர்?

காத்தான்குடி எச்சரித்தது

இதன் மறுபக்கத்தையும் அதே நேர்மையுடன் பேச வேண்டும். இலங்கையின் காத்தான்குடி, தமிழ் பேசும் முஸ்லிம்களின் பேரூர். அவ்வூர் அரபுக் கல்லூரி ஒன்றிலிருந்து இளமையிலேயே நீக்கப்பட்ட ஸஹ்ரான் ஹாஷிம், பேச்சாற்றலால் ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். அவர் மற்ற முஸ்லிம்களை, குறிப்பாகச் சூஃபி வழியினரை, மார்க்கத்துக்கு வெளியே நிறுத்திப் பேசியவரை அது சொல்லாக இருந்தது. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் வாளும் தடியும் எடுக்கப்பட்டபோது அது செயலாயிற்று. அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டனர். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய உளவுத்துறையிடமிருந்தும் எச்சரிக்கை சென்றது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

படிப்படியாக ஏறிய இப்படிகளை நோக்குங்கள். அறிகுறிகள் இல்லாமற் போகவில்லை. அவற்றை ஒன்றுசேர்த்து எடைபோடுவாரே இல்லாமற் போயினர். தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் எஞ்சிய கூட்டத்தார் சிக்கியதற்கு, புதிதாகக் குடிவந்தோர்மீது ஐயங்கொண்ட ஊர் முஸ்லிம்கள் தந்த தகவலே வழிவகுத்தது. ஆனால் அதற்கடுத்த மாதமே, முறையிட்ட சமுதாயத்தின் வீடுகளும் கடைகளும் வடமேல் மாகாணத்தில் எரிக்கப்பட்டன. எச்சரித்தவரையே தண்டிக்கும் சமூகத்தில் அடுத்த எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

இன்றைய கலையும் அதன் குறையும்

மேலை நாடுகளில் இம்மதிப்பீடு இன்று ஒரு தனித் துறையாகிவிட்டது. கனடாவில் 2009இல் எலெய்ன் பிரெஸ்மன் உருவாக்கிய 'வெரா' என்னும் முறை, ஒருவரின் நம்பிக்கை, நோக்கம், திறன், தொடர்பு ஆகியவற்றோடு அவரை வன்முறையிலிருந்து விலக்கிவைக்கும் காரணிகளையும் கேட்கிறது. மதிப்பெண் கூட்டி முடிவு சொல்லாமல், ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் கேட்டு, காலந்தோறும் மறுபரிசீலனை செய்யச் சொல்லும் முறை இது. நம் முன்னோர் 'காரணத்தை விளக்கு' என்றதும் இதனை ஒத்ததே.

அம்முறைகளும் பிழைபடுவதுண்டு. 2019 நவம்பர் 29இல் லண்டன் பாலத்தருகே இருவரைக் கொன்றவன், முன்னர்ப் பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்று விடுதலையாகிக் கண்காணிப்பில் இருந்தவன். கைதிகளின் மறுவாழ்வுக்கான கூட்டத்திற்கு விருந்தினனாக வந்த இடத்திலேயே கொன்றான். அதே ஆண்டு மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக்கொன்ற வெள்ளை இனவெறியனோ யாருடைய கண்காணிப்புப் பட்டியலிலும் இல்லை. அந்நாட்டு விசாரணை ஆணையம் 2020இல், பாதுகாப்பு அமைப்புகளின் கவனம் முஸ்லிம் தரப்பு அபாயத்தின் மீதே அளவுக்கு மீறிக் குவிந்திருந்ததைச் சுட்டிக்காட்டியது.

வன்முறைக்கு ஒரு சமயத்தவரே உரியவர் அல்லர் என்பதை அறிய நியூசிலாந்துவரை செல்ல வேண்டியதில்லை. 1982 மார்ச் 1இல் நம் மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவ மக்களிடையே மூண்ட கலவரத்தைக் கண்ட தலைமுறை இன்னும் வாழ்கிறது. அங்குக் கொன்றது தனியொருவனின் சபதமன்று. பல மாதங்களாக முதிர்ந்த பதற்றமும், ஊர்விட்டு ஊர் பரவிய வதந்தியுமே. தனியாளின் வன்முறைக்கு அறிகுறி ஒன்று. கூட்டத்தின் வன்முறைக்கு அறிகுறி வேறு. பின்னதை அணைக்கக் குன்றக்குடி அடிகளார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று இரு தரப்பையும் சந்திக்க வேண்டியிருந்தது.

களியக்காவிளைக்குத் திரும்புவோம்

இவ்வளவும் கண்ட பின் தொடக்கத்தில் நின்ற சோதனைச்சாவடிக்குத் திரும்புவோம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர்மீது 2014இல் சென்னையில் நிகழ்ந்த ஒரு கொலை தொடர்பாக ஏற்கெனவே வழக்கு இருந்தது என்றும், பிணையில் வந்து தலைமறைவானார் என்றும், தோழர்கள் கைதானதற்குப் பழிவாங்கவே இக்கொலை என்றும் புலனாய்வாளர் கூறினர். அது மெய்யாயின், இங்கும் காயம், சபதம், கூட்டாளி, ஆயுதம் என்ற கூஃபாவின் வரிசையே மீண்டிருக்கிறது. கொல்லப்பட்டவரோ அக்கைதுகளோடு தொடர்பற்ற, தம் கடமையைச் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர்.

அல்ஹுஜுராத் அத்தியாயம் இரு கட்டளைகளை அருகருகே வைக்கிறது: செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும்; வீண் சந்தேகத்தையும் பிறர் குறையைத் துருவுவதையும் தவிர்க்க வேண்டும். முன்னதை விட்டால் வில்சனைப் போன்றோர் மடிவர். பின்னதை விட்டால் நிரபராதிகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடுவர். அநியாயக்காரச் சகோதரனுக்கு உதவுவதென்பது அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததில் இரு கட்டளைகளும் இணைகின்றன. அறிந்தும் மௌனம் காப்பது சகோதரத்துவம் ஆகாது.

அந்தத் தந்தையிடம் மறுவாரம் நான்கு கேள்விகள் கேட்டோம். மகன் யாரையேனும் பெயர் சொல்லிப் பழிவாங்குவதாகப் பேசுகிறானா? தன்னோடு மாறுபடும் முஸ்லிம்களையும் பிற சமயத்தவரையும் கொல்லத் தக்கவர் என்கிறானா? ஆயுதம், பணம், பயணம் ஆகியவற்றில் மறைவான ஏற்பாடு உண்டா? பழைய நண்பரை விட்டு, பெயர் சொல்ல மறுக்கும் புதியவர்களோடு மட்டும் பழகுகிறானா? நான்குக்கும் 'இல்லை' என்றார். ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றிருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு ஜமாஅத் தலைவரிடமும், செயலின் நிழல் தெரிந்தால் காவல் நிலையத்துக்கும் தயங்காமல் சென்றிருப்போம்.

பிறகு ஐந்தாவதாக ஒன்று கேட்டோம்: "நீங்கள் அவனிடம் நேரில் கேட்டீர்களா?" அவர் தலைகுனிந்தார். கேட்டபோது தெரிந்தது, வெளிநாட்டு வேலைக்கென முகவர் ஒருவரிடம் கொடுத்த பணத்தை இழந்து, அதைத் தந்தையிடம் சொல்ல அஞ்சியே அவன் மௌனமாகியிருந்தான் என்பது. அவனுடைய தஹஜ்ஜுத் கடன் தீர வேண்டிச் செய்த பிரார்த்தனை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஹரூராவுக்கு நடந்து சென்று முதலில் செய்தது, அவர்களின் மனக்குறை என்னவென்று கேட்டதுதான். நம் வீடுகளில் அந்தத் தொலைவு, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைவரைதான்.